வலி தெரியாத கால்

ஜனவரி 9, வியாழன்

என் மகள் ரோகிணியின் வலது முழங்காலில் போன ஜூன் மாதம் ஆபரேஷன் செய்து வைத்த புது ஜவ்வு மறுபடியும் அறுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கபடி ஆடும்போது அறுந்தது. நேற்று ஸ்கேன் எடுத்தோம், இன்று முடிவு வந்தது. இன்னொரு ஆபரேஷன் செய்தாக வேண்டும். நடந்தது இவ்வளவுதான்.

தீவனக் கம்பெனி வருஷாவருஷம் கொடுக்கும் டைரியில் மாட்டின் சுழி, பல், நிறம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். வீட்டு விஷயம் எழுதியதில்லை. இன்று யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை, எழுதுகிறேன்.

மைதானத்தில் நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் பாதியில் அவளுடைய மூன்றாவது ரெய்டு. ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். யாரும் அவளைப் பிடிக்கக்கூட இல்லை. ஊன்றிய கால் ஊன்றிய இடத்திலேயே நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. விழுந்தவள் கத்தவில்லை. எழுந்து நிற்கப் பார்த்தாள், முட்டி மடங்கிக்கொண்டு போனது.

"என்னாச்சுன்னே தெரியலப்பா. வலிக்கவே இல்ல" என்றாள்.

இரவு ஏழு மணிக்கு மேல்தான் வலி வந்தது.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். தொழுவத்தில் பதினோரு உருப்படி நிற்கின்றன. கொம்புக்கு வர்ணம் அடிப்பது ரோகிணியின் வேலை. இந்த வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து, முட்டிக்குக் கட்டிய பட்டையோடு காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, நான் பிடித்துவந்து நிறுத்திய மாட்டுக்கு மட்டும் அடித்தாள்.

"பச்சைய அங்கிட்டு வைய்யிப்பா. இந்தச் சிறுக்கி என்னமா முறைக்கிறா பாரு" என்று செவலைக் கிடாரியிடம் வம்பு வளர்த்தாள். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாள்: "நான்தாம்ப்பா கெடுத்துக்கிட்டேன். டிசம்பர்ல பத்து நாள் எக்சர்சைஸ் பண்ணாமலே பண்ணேன்னு சொன்னேன். பரீட்சைன்னு சாக்கு. தொடையில பலம் இருந்திருந்தா அறுந்திருக்காது."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். 

என் பெண்டாட்டி மருதாயி அடுப்படியிலிருந்து கேட்டாள். "ஏங்க, முதல்ல பாத்த திருச்சி டாக்டர்ட்டயே போனா என்ன? அவரு வச்ச ஜவ்வு, அவருக்குத்தானே தெரியும்?"

"அவரு வச்சதுதானே அறுந்துபோச்சு? மதுரையில நல்ல டாக்டர் இருக்காராம்."

மருதாயி கால்நூற்றாண்டாக என்னோடு குடும்பம் நடத்துகிறாள். நான் சரக்கைப் பற்றி அதிகம் பேசாத இடத்தில் குறை இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பொங்கலை இறக்கப் போய்விட்டாள்.

ஜனவரி 22, புதன்

சந்தைக்கு நாலு மாடு போனது. மூன்று விற்றது. ஒன்று திரும்பிவிட்டது. கால் சரியில்லை என்று வாங்க வந்தவன் கண்டுபிடித்துவிட்டான்.

ஜனவரி 27, திங்கள்

மதுரை. டாக்டர் இம்மானுவேல். வயது நாற்பத்தைந்து இருக்கும். அவசரப்படாத ஆள். காலைத் தூக்கி, மடக்கி, இழுத்துப் பார்த்த விதத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்தது. தொழில் தெரிந்தவன் கை வைக்கும் இடம் தனியாகத் தெரியும்.

படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். "திருச்சியில ரொம்பச் சுத்தமா பண்ணியிருக்காங்க. எலும்புல துளை போட்ட இடம் சரி. ஜவ்வை மாட்டின கோணமும் சரி. ரெண்டாவது ஆபரேஷன்ல எனக்குப் பாதி வேலை மிச்சம். அப்ப ஏன் அறுந்துச்சு? அது தெரிஞ்சாத்தான் மறுபடி வைக்கிறது நிக்கும்."

ரோகிணி முந்திக்கொண்டாள். "கபடியில சார். ஏழாம் மாசம் ஆடினேன்."

"ஒன்பது மாசம் முடிஞ்சு, டெஸ்ட் வச்சுப் பாத்துட்டுத்தானே ஆட்டத்துல இறக்குவாங்க?"

"திருச்சி ரகுபதி டாக்டரே ஆடலாம்னுட்டாரு சார். அப்பாகிட்ட போன்ல சொன்னாரு."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "சொன்னாரா அய்யா?"

"சொன்ன மாதிரிதான் சார்."

அவர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். "அன்னைக்கு வலி மாத்திரை, ஊசி ஏதாவது எடுத்தீங்களா?"

"சத்து ஊசி மட்டும் சார். ஆட்டத்துக்கு முன்னாடி. அப்பாவுக்குத் தெரிஞ்சவரு வந்து போட்டாரு."

"என்ன சத்து?"

"பி காம்ப்ளக்ஸ் சார்" என்றேன். என் குரல் எனக்கே சந்தைக் குரலாகக் கேட்டது. வயசான மாட்டைக் காட்டி, பல்லைப் பார், நாலு பல்தான் என்று சொல்லும்போது வருமே, அந்தக் குரல்.

காரில் வரும்போது ரோகிணி கொதித்துக்கொண்டே வந்தாள். "அந்த ரகுபதி டாக்டர்மேல கம்ப்ளைண்ட் கொடுக்கணும்னு கபடி மாஸ்டர் சொல்றாரு. ஏழு மாசத்துல எப்படி அனுமதி குடுத்தாருன்னு. நீ என்னப்பா சொல்ற?"

"முதல்ல கால் சரியாகட்டும்" என்றேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஒரு மாதமாகச் சுற்றிச்சுற்றி எழுதுகிறேன். இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை. இங்கேயும் வியாபாரம் பேசினால் எனக்கு வேறு இடம் இல்லை.

ரகுபதி டாக்டர் போனில் ஆடலாம் என்று சொல்லவில்லை. நான் அவருக்குப் போன் செய்யவே இல்லை.

ஜூன் மாதம் ஆபரேஷன் முடிந்தபோது அவர் சொன்னது ஒன்பது மாதம். நான் மனதில் வைத்துக்கொண்டது ஏழு. பதினாறு வயதில் அடுத்தவர் மாட்டைச் சந்தைக்கு நடத்திக் கூட்டிப்போய்க் கூலி வாங்கியவன் நான். இன்று சொந்த லாரி, சொந்த வீடு. இவ்வளவும் ஒரே ஒரு பாடத்தில் வந்தது: எதிராளி முதலில் சொல்வது கடைசிச் சொல் இல்லை. டாக்டரும் பேரத்துக்கு இடம் வைத்து ரெண்டு மாதம் கூட்டித்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். எலும்புக்கும் தசைக்கும் அந்தப் பேச்சு கிடையாது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஜனவரி ஐந்தாம் தேதி ஆட்டத்துக்கு அரசுத் துறை அணியின் தேர்வாளர்கள் மூன்று பேர் வருவதாக மாஸ்டர் சொன்னார். எடுத்தால் வேலை, சம்பளம், ஆட்டம் எல்லாம் ஒன்றாக. "ரோகிணிய அடுத்த வருஷம் காட்டிக்கலாம்" என்றுதான் அவரும் சொன்னார். நான்தான், டாக்டர் சம்மதித்துவிட்டார் என்று அவரிடமும் ரோகிணியிடமும் சொன்னேன். வாங்குகிறவன் வரும் நாளில் சரக்கு நிற்க வேண்டும். அவ்வளவுதான் என் புத்தி.

ஆட்டத்துக்கு முதல் நாள் பயிற்சியில் கால் வலிக்கிறது என்றாள். லேசாக இழுத்து நடந்தாள்.

இதை எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன். எங்கள் தொழிலில் சிலர் செய்வது உண்டு, நானும் செய்திருக்கிறேன். நொண்டுகிற மாட்டுக்குச் சந்தையன்று காலையில் வலி ஊசி போட்டுவிடுவது. மதியம்வரை நேராக நடக்கும். எங்களுக்கு அந்த ஊசியைப் போடுகிறவன் செல்லையா. முன்பு கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அவனைத்தான் கூட்டிப்போனேன். மருந்து மனுஷருக்கான மருந்துதான், மெடிக்கலில் நானே வாங்கினேன். கை மட்டும் அவன் கை.

"இது என்ன ஊசிப்பா? வலி ஊசியா? வலிச்சா நிறுத்தணும், வலியை அமுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்று கேட்டாள். கேட்டாள்.

"சத்து ஊசிம்மா" என்றேன்.

கையை நீட்டினாள்.

பிப்ரவரி 10, திங்கள்

ஆபரேஷன் முடிந்தது. மூன்று மணி நேரம். முதல் தடவை வலது தொடையிலிருந்தே தசைநார் எடுத்து ஜவ்வாக வைத்தார்கள். இந்தத் தடவை அங்கே எடுக்க இல்லை. நல்ல காலான இடது காலில், முட்டிச் சில்லுக்குக் கீழிருந்து எடுத்தார்கள். ஒரு கால் கெட்டுப் போனவளை உள்ளே அனுப்பினேன். இரண்டு காலிலும் கட்டோடு வெளியே வந்தாள்.

மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்டது: "எப்பருந்துப்பா எக்சர்சைஸ் ஆரம்பிக்கணும்?"

பிப்ரவரி 11, செவ்வாய்

தொண்ணூற்று ஒன்பது டிகிரி ஜுரம். இட்லி ஒன்றரை. வலி மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தேன். "இது என்ன மாத்திரை?" என்று கேட்காமல் போட்டுக்கொண்டாள். நான் கொடுத்தால் கேட்பதில்லை.

பிப்ரவரி 19, புதன்

வீட்டுக்கு வந்து ஐந்து நாள். எங்கள் ஊர் மணப்பாறையிலேயே நஸ்ரின் என்ற பிசியோதெரபிஸ்ட் பெண் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கிறது. சின்னப் பெண், வாய் பெரிது. தொழுவத்தைத் தாண்டித்தான் வர வேண்டும்.

"அங்கிள், உங்க மாடெல்லாம் என்னைப் பாத்தா எந்திரிச்சு நிக்கிது. என் பேஷண்ட் மட்டும் படுத்தே கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே வரும். அது வந்தால்தான் ரோகிணி சிரிக்கிறாள்.

இன்று முட்டி அறுபது டிகிரி மடங்கியது. சந்தைக்கு இரண்டு மாடு மட்டும் போனது. மாட்டை நடத்திக்காட்டச் சொன்னவர்களிடம் காலில் இருந்த குறையை இருந்தபடி சொன்னேன். ஒன்றும் விற்கவில்லை.

மார்ச் 5, புதன்

சந்தையில் கூட்டம் இல்லை, பதினொரு மணிக்கே திரும்பிவிட்டேன். மருதாயி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். பின்பக்க அறையில் மூச்சு வாங்கும் சத்தம். எட்டிப் பார்த்தேன்.

ரோகிணி பட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, முதுகைச் சுவரில் சாய்த்து, பத்துக் கிலோ பிண்ணாக்குப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடுகிறது. உதடு எண்ணிக்கொண்டே இருக்கிறது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது.

"ஏ! என்ன பண்ற?"

பை கீழே விழுந்தது. "அம்மாகிட்ட சொல்லாதப்பா."

"நஸ்ரின் சொல்லிச்சா இப்படிப் பண்ணச் சொல்லி?"

"அவ காலைத் தூக்கு, இறக்குன்னு கொழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்றா. அது பத்தாதுப்பா. போன தடவை ஏமாத்துனேன், அறுந்துச்சு. இந்தத் தடவை எவ்வளவு வலிச்சாலும் விட மாட்டேன்."

முட்டி தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். எட்டு நாளாகவாம். நாங்கள் இல்லாத நேரம் பார்த்து.

மார்ச் 7, வெள்ளி

நஸ்ரின் வீக்கத்தை அழுத்திப் பார்த்துவிட்டு இன்று சிரிக்கவில்லை. என்னைத் தொழுவத்துப் பக்கம் கூப்பிட்டுச் சொன்னது:

"அங்கிள், புது ஜவ்வு எலும்போட இன்னும் ஒட்டல. இப்பதான் அது ரொம்பப் பலவீனமா இருக்கிற நேரம். இவ இப்படிப் பண்ணா இதுவும் போயிடும். மூணாவது தடவை வச்சா நடக்கலாம், ஆட முடியாது. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறா. தான் சோம்பேறித்தனம் பண்ணித்தான் அறுந்துச்சுன்னு மண்டையில ஏத்தி வச்சிருக்கா. அதை யாராவது எறக்கணும். பத்து நாள் எக்சர்சைஸ் விட்டதுக்கெல்லாம் ஜவ்வு அறாது அங்கிள். வேற ஏதோ நடந்திருக்கணும்."

என்னைக் குற்றம் சாட்டி அது பேசவில்லை. தெரியாமல்தான் சொன்னது. நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். அப்போதுதான் காட்டி முடித்திருந்தேன்.

மார்ச் 8, சனி

செல்லையாவைப் பார்த்தேன். டீக்கடையில் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"சொல்லப் போறியா? கிறுக்குப் புடிச்சிருக்கா ஒனக்கு?" என்றான். "புள்ள தன்னால நடந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டுக் கெடக்கு. கெடந்துட்டுப் போகட்டும். வயசுப் புள்ள, ஒரு வருஷத்துல மறந்துரும். நீ சொன்னியின்னா ஆயுசுக்கும் மறக்காது."

"அது வீங்குன காலோட உக்காந்து எந்திரிக்குது செல்லையா."

"அப்ப அதட்டி வையி. நீ அப்பனா, இல்ல அது ஒனக்கு அம்மாவா?" கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான். "எம்பேர மட்டும் இழுக்காத. நீ கூப்பிட்ட, நான் வந்தேன்."

அவன் சொன்னதில் பாதி சரி. நான் கூப்பிட்டேன், அவன் வந்தான். இந்த இரண்டு மாதமாக மனசுக்குள் அவன் தலையில் கொஞ்சம், மாஸ்டர் தலையில் கொஞ்சம், திருச்சி டாக்டர் தலையில் நிறைய என்று பங்கு வைத்துக்கொண்டிருந்தேன். இன்று அது எல்லாம் திரும்பி என்னிடமே வந்துவிட்டது.

மார்ச் 10, திங்கள்

மதுரை. முட்டியிலிருந்து பெரிய ஊசியால் நீர் எடுத்தார்கள். ரத்தம் கலந்து வந்தது. ரோகிணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நல்லவேளை, ஜவ்வு இன்னும் இருக்கிறதாம். இன்னும் ஒரு வாரம் இப்படியே போயிருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் திரும்ப உள்ளே போனேன். நின்றுகொண்டே சொன்னேன். போன் செய்யாதது, வலி ஊசி, சத்து ஊசி என்று சொன்னது, எல்லாம்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அன்னைக்கே சந்தேகப்பட்டேன்" என்றார். "வலி இருந்திருந்தா அந்தப் பொண்ணு அந்தத் திருப்பத்துல காலை அப்படி ஊன்றியிருக்காது. உடம்பே விட்டிருக்காது. ஏழு மாசத்து ஜவ்வு வேற. சரி, எங்கிட்ட ஏன் சொல்றீங்க?"

"சொல்லணும்னு தோணுச்சு சார்."

"எனக்கு இது ஒரு குறிப்பு. எழுதி வச்சுக்கிறேன். காரணம் தேடிக்கிட்டிருக்கிறது நான் இல்ல, வெளிய உக்காந்திருக்காளே, அவ."

"நீங்களே சொல்லிட்டா..."

"நான் சொல்ல மாட்டேன் அய்யா" என்று அடுத்த நோயாளிக்கு மணி அடித்தார்.

மதுரையிலிருந்து மணப்பாறைவரை கார் ஓட்டினேன்.  துவரங்குறிச்சியில் அவளுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

காலை பத்து மணிக்குச் சொன்னேன்.

மறுநாள் சந்தைக்கு மாடு கழுவும் வேலை இருந்தது. எதையும் கழுவவில்லை. அவள் அறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தேன். அவள் கட்டிலில் காலை நீட்டி, ஐஸ் பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ எக்சர்சைஸ் பண்ணாததால அறுந்து போகல" என்று ஆரம்பித்தேன். பேச்சைச் சுற்றவில்லை. ரகுபதி டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை, நான் சொன்னது பொய், அது சத்து ஊசி இல்லை, உனக்கு வலி தெரிந்திருந்தால் நீ அப்படித் திரும்பியிருக்க மாட்டாய் என்றேன்.

 ஐஸ் உருகித் தண்ணீர் பாயில் சொட்டியது.

"நான் கேட்டேன்ல" என்றாள்.

"கேட்ட."

"வலி ஊசியான்னு பேர் சொல்லிக் கேட்டேன்ல?"

"ஆமாம்மா."

"ஜனவரியிலருந்து தெனமும் நான் என்னையவே திட்டிக்கிட்டிருந்தேன். நீ எதிர்லயே உக்காந்து சோறு தின்ன."

தலையாட்டினேன்.

"எதுக்குப்பா? அந்த வேலைக்காகவா?"

வேலைக்காக என்று சொல்லியிருக்கலாம். உனக்காகத்தான் என்றும் சொல்லியிருக்கலாம். கேட்பதற்கு நன்றாக இருக்கும். "மூணு பேர் வந்து எம்பொண்ணப் பாக்கிறாங்கன்னு சந்தையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றேன். அதுதான் நிஜம்.

"வெளிய போங்க" என்றாள். பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவாள்.

மருதாயி வாசற்படியில் நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். என்னைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 12, புதன்

சந்தைக்குப் போகவில்லை.

நஸ்ரின் வந்தது. போகும்போது சொல்லிற்று: "இன்னைக்குச் சொன்னதை மட்டும் பண்ணினா அங்கிள். ஒண்ணுகூட அதிகம் பண்ணல. நடுவுல ரெண்டு தடவை அழுதா. வலியான்னு கேட்டேன், வலி இல்லன்னா."

மார்ச் 14, வெள்ளி

வீக்கம் பாதி வற்றிவிட்டது. மாலை நாலு மணிக்கு ரோகிணி கூப்பிடுவதாக மருதாயி வந்து சொன்னாள். மூன்று நாளில் மருதாயி என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

போனேன். ரோகிணி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மருதாயி சுவரோரமாக நின்றாள். எனக்கு நாற்காலி போட்டிருந்தது. விருந்தாளிக்குப் போடுகிற மாதிரி.

"மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரல" என்றாள். "இப்ப அது வரல. ஆனா நான் ஆடணும். அதுக்கு வண்டி வேணும், சாப்பாடு வேணும், மதுரைக்குப் போயிட்டு வரணும். நீங்க இல்லாம முடியாது. அதனால சில விஷயம் பேசி முடிச்சிக்கலாம்."

"சொல்லும்மா."

"முதல்ல திருச்சி. ரகுபதி டாக்டரை நான் எத்தனை பேர்கிட்ட திட்டியிருக்கேன் தெரியுமா? மாஸ்டர் கம்ப்ளைண்ட் எழுதி வச்சிருக்காரு. நாளைக்கே மாஸ்டர்ட்ட சொல்லி அதைக் கிழிக்கணும். அப்புறம் டாக்டர்கிட்ட நேர்ல போகணும். நானும் வருவேன். நீங்க சொல்றப்ப நான் பக்கத்துல நிப்பேன்."

"சரி."

"மதுரை டாக்டர் எது சொன்னாலும் எங்கிட்ட சொல்லுவாரு. நீங்க ரூமுக்கு வெளிய உக்காரணும். மாத்திரைய நானே பிரிச்சு, பேரைப் படிச்சிட்டுப் போட்டுக்குவேன்."

"சரி."

"எப்ப ஆடுறதுன்னு நான் முடிவு பண்ணுவேன். பன்னெண்டு மாசம்னு இம்மானுவேல் டாக்டர் சொல்லியிருக்காரு. டெஸ்ட்ல தோத்தா பதிமூணு, பதினாலு. யார் வந்தாலும் சரி, எவன் பாக்க வந்தாலும் சரி."

"சரிம்மா. நானும் ஒண்ணு கேக்கலாமா?"

மருதாயி என்னை முறைத்தாள். ரோகிணி கையைக் காட்டி, கேளுங்க என்றாள்.

"நஸ்ரின் சொல்றதுக்கு மேல ஒண்ணுகூடப் பண்ணக் கூடாது. எங்களுக்குத் தெரியாம பண்ணக் கூடாது."

கொஞ்சம் யோசித்தாள். "பண்ண மாட்டேன். இனிமே அதுக்குத் தேவையில்ல." பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இன்னொண்ணு. நீங்க மைதானத்துக்கு வரக் கூடாது."

"எத்தனை நாளைக்கு?"

"நான் கூப்பிடுற வரைக்கும்."

"கூப்பிடலன்னா?"

"கூப்பிடலன்னா வரக் கூடாது."

மருதாயி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ரோகிணி அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

பேசி முடிந்தது இது: நாளை காலை மாஸ்டரிடம் போவது. திங்கட்கிழமை திருச்சிக்கு, அவளோடு. டாக்டர் பேச்சு அவளோடு மட்டும். ஆபரேஷன் நாளிலிருந்து குறைந்தது பன்னிரண்டு மாதம், அதற்குமேல் டெஸ்ட் சொல்கிறபடி. பயிற்சி, நஸ்ரின் சொல்கிற அளவு. மைதானத்துக்குக் கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் நான், கார் வெளி கேட்டில் நிற்க வேண்டும், நான் காரைவிட்டு இறங்கக் கூடாது. அவள் கூப்பிடும்வரை.

சம்மதம் என்றேன்.